குளத்து மீனில் பாக்டீரியா நோய்: மருந்துக்கு முன் செய்ய வேண்டியவையும் மருந்து கொடுக்கும் முறையும்

ராமநாதபுரம் கடலோரத்தில் நன்னீர் மீன் வளர்ப்பவர் எவரும் உப்பை மறந்து தொழில் செய்ய முடியாது. உச்சிப்புளி, திருப்புல்லாணி, தேவிபட்டினம் முதலிய ஊர்களின் மணற்பாங்கான பகுதிகளில், பெய்த மழைநீர் மேலே ஒரு மெல்லிய அடுக்காக நிற்க, அதற்குக் கீழே உவர்நீர் கிடக்கிறது. கோடையில் ஆழ்துளைக் கிணற்றை இறைக்க இறைக்க உப்பு ஏறுகிறது. வடகிழக்குப் பருவமழை கொட்டும்போது அதே குளத்து நீர் ஓரிரு நாளில் நீர்த்துக் குளிர்ந்து வேறு நீராகிவிடுகிறது. கட்லா, ரோகு, மிர்கால், திலேப்பியா, பங்காசியஸ் ஆகிய மீன்களில் பாக்டீரியா நோய் தலைகாட்டுவது பெரும்பாலும் இந்த இரண்டு திருப்பங்களில்தான்.

நோய்க்கிருமி எங்கிருந்தோ புதிதாக வந்து இறங்குவதாக நினைக்க வேண்டியதில்லை. ஏரோமோனாஸ் ஹைட்ரோபிலா என்னும் பாக்டீரியா ஏறக்குறைய எல்லா நன்னீர்க் குளங்களிலும், நலமாக இருக்கும் மீனின் குடலிலும்கூட இருக்கிறது. ஆக்சிஜன் குறைவு, அம்மோனியா, நெருக்கடி, வலையில் அடிபட்ட காயம், மீன் பேன் கடித்த துளை என ஏதாவது ஒன்று மீனைத் தளர்த்தியபின்தான் அது நோயாக மாறுகிறது. ஆகவே தளர்வுக்கான காரணத்தைச் சரிசெய்யாமல் ஆன்டிபயாடிக் மருந்தை மட்டும் கொடுத்தால், மருந்து நிற்கும் நாளில் நோய் திரும்பிவிடும். இந்தக் கட்டுரையின் வரிசையும் அதையொட்டியே அமைகிறது: முதலில் சாவின் வகையை அறிதல், பிறகு நீரைச் சரிசெய்தல், பிறகு கிருமியை அறிதல், தேவைப்பட்டால் மட்டும் மருந்து.

சாவின் போக்கைப் பாருங்கள்

விடியற்காலையில் குளம் முழுவதும் மீன்கள் மேலே வந்து வாய் பிளந்து நிற்பதும், பெரிய மீன்கள் முதலில் செத்து மிதப்பதும், உடலில் புண்ணோ சிவப்போ இல்லாதிருப்பதும் ஆக்சிஜன் பற்றாக்குறையின் அடையாளங்கள். இதற்கு மருந்தே கிடையாது. காற்றூட்டியை ஓட்டுவதும் தீவனத்தை நிறுத்துவதும்தான் வழி. பெரியது சிறியது என்ற வேறுபாடில்லாமல், தவளை, நத்தை உட்பட எல்லாம் ஒரே வேளையில் சாகுமானால், மிளகாய்க் காட்டிலோ வயலிலோ அடித்த பூச்சிமருந்து மழைநீரோடு இறங்கியிருக்கிறதா என்று விசாரியுங்கள்.

பாக்டீரியா நோயின் போக்கு வேறு. முதல் நாள் இரண்டு, அடுத்த நாள் நான்கு, அதற்கடுத்த நாள் பத்து என்று சாவு ஏறிக்கொண்டே போகும். தீவனம் எடுப்பது அதற்குச் சில நாள்களுக்கு முன்பே குறைந்திருக்கும். ஒன்றிரண்டு மீன்கள் கூட்டத்தை விட்டு விலகி, கரையோரத்தில் அல்லது தண்ணீர் விழும் இடத்தில் மந்தமாக நிற்கும். செத்த மீன்களை நாள்தோறும் எண்ணிக் குறிப்பேட்டில் எழுதுவது சிறிய வேலைதான். ஆனால் கால்நடை மருத்துவர் கேட்கும் முதல் கேள்விக்கு விடை அதில்தான் இருக்கும்.

முதல் நாள் வேலை

தீவனத்தை அன்றே நிறுத்துங்கள், அல்லது பாதிக்கும் கீழே குறையுங்கள். நோயுற்ற மீன் உண்ணாத தீவனம் அடியில் அழுகி அம்மோனியாவாக மாறும். காற்றூட்டி இருந்தால் இரவு முழுவதும் ஓட்டுங்கள்; இல்லையெனில் பம்புசெட்டை வைத்துக் குளத்து நீரையே உயரத் தூக்கிக் கொட்டுங்கள். செத்த மீன்களை உடனுக்குடன் எடுத்து, ஊருணிக்கும் குடிநீர்க் கிணற்றுக்கும் தொலைவில் ஆழமாகக் குழி வெட்டிச் சுண்ணாம்பு தூவிப் புதைத்துவிடுங்கள். கரையில் வீசினால் நாயும் காக்கையும் கொக்கும் அடுத்த குளத்துக்குக் கொண்டுபோகும். நோய்கண்ட குளத்தில் இறக்கிய வலையைக் காயவைத்துக் கிருமிநீக்கம் செய்யாமல் வேறு குளத்தில் இறக்கக் கூடாது.

அதன்பின் நீரை அளந்து பாருங்கள். கரைந்த ஆக்சிஜன் லிட்டருக்கு 5 மில்லிகிராம் இருப்பது நல்லது. 3-க்குக் கீழே இறங்கினால் மீன் தளரத் தொடங்கிவிட்டது என்று கொள்ளலாம். நீரின் அமில-காரத் தன்மையைக் காட்டும் பி.எச். அளவைக் காலையும் மாலையும் பாருங்கள், ஏனெனில் பச்சைப்பாசி மிகுந்த குளத்தில் காலையில் 7.8 ஆக இருப்பது மாலையில் 9-ஐத் தொட்டுவிடும். அம்மோனியாவை அளக்கும் சோதனைப் பெட்டி காட்டுவது மொத்த அம்மோனியாவை. அதில் மீனுக்கு நஞ்சாவது அயனியாகாத பகுதி, அதாவது மின்னூட்டம் ஏற்காமல் அம்மோனியாவாகவே கரைந்திருக்கும் பகுதி மட்டுமே. வெப்பநிலை 30 பாகை செல்சியஸில், பி.எச். 7 இருக்கும்போது அந்த நச்சுப் பகுதி நூற்றில் ஒன்றுக்கும் குறைவு. பி.எச். 8-இல் நூற்றில் ஏறக்குறைய 7. பி.எச். 9-இல் நூற்றில் 40-க்கும் மேல். ஒரே அம்மோனியா, காலையில் தீங்கில்லாமல் இருந்து மாலையில் செவுளை எரிப்பது இதனால்தான்.

இங்கே ஒரு வழக்கத்தைப் பற்றி அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. மீன் செத்தவுடன் சுண்ணாம்பு போடுவது எல்லாருக்கும் கைவந்த வழி. மழைக்குப் பிறகு பி.எச். சரிந்த குளத்தில் அது சரியான மருந்து. ஆனால் கடலோரத்து நீரின் பி.எச். பெரும்பாலும் ஏற்கெனவே 8-க்கு மேல் நிற்கிறது. அம்மோனியா தேங்கிய அப்படிப்பட்ட குளத்தில் சுண்ணாம்பைக் கொட்டினால், பி.எச். மேலும் ஏறி நச்சுப் பகுதி பெருகி, மாலைக்குள் சாவு இரட்டிப்பாகும். அளந்து பார்க்காமல் சுண்ணாம்பு போடாதீர்கள்.

நீர் மாற்றுவதிலும் அதே கவனம் வேண்டும். கோடையில் கிணற்று நீரே உவர்ந்திருக்கும். ஆழ்துளைக் கிணற்றிலிருந்து வரும் நீரில் ஆக்சிஜன் மிகக் குறைவு. ஆகையால் அதை நேராகக் குளத்தில் விடாமல், கல் அடுக்கின் மீதோ துளையிட்ட குழாய் வழியாகவோ சிதறி விழச் செய்து, ஒரு நாளைக்குக் குளத்து நீரில் பத்தில் ஒரு பங்குக்கு மேற்படாமல் மாற்றுங்கள். ஒரே மூச்சில் பாதிக் குளத்தை மாற்றினால், அந்த அதிர்ச்சியே மீனைச் சாய்த்துவிடும். கட்லா, ரோகு, மிர்கால் ஆகிய கெண்டை இனங்கள் லிட்டருக்கு 5 கிராம் உப்பு வரையில் ஓரளவு தாங்கும். அதற்கு மேல் தளரும். திலேப்பியா இன்னும் அதிகம் தாங்கும்.

சற்றே உவர்ந்த நீரில் நன்மையும் உண்டு. அம்மோனியாவிலிருந்து உண்டாகும் நைட்ரைட் தேங்கும்போது மீனின் இரத்தம் பழுப்பு நிறமாகி மூச்சுத் திணறும். உப்பில் உள்ள குளோரைடு அந்த நைட்ரைட்டைச் செவுள் வழியே நுழையவிடாமல் தடுக்கிறது. செவுளை அழுகச் செய்யும் கொலம்னாரிஸ் கிருமியும் உவர்நீரில் அடங்கியே இருக்கும்.

மீனைக் கையில் எடுத்துப் பார்க்கும் முறை

செத்து மிதக்கும் மீனைப் பார்த்துப் பயனில்லை. நம் வெயிலில் செத்த மீன் ஓரிரு மணி நேரத்திலேயே கெடத் தொடங்கும். கெட்ட மீனில் ஏரோமோனாஸ் தானாகவே பெருகிக் கிடக்கும். உயிர் இருக்கும்போதே மந்தமாக நிற்கும் மீனைக் கைவலையால் பிடித்து, நிழலில் ஈரச் சாக்கின் மீது வைத்துப் பாருங்கள். கையுறை கட்டாயம். கையில் காயம் உள்ளவர்களும் சர்க்கரை நோயுள்ளவர்களும் இந்த வேலையை மற்றவரிடம் விடுவது நல்லது, ஏனெனில் இக்கிருமிகளில் சில மனிதரின் காயத்திலும் தொற்றும்.

முதலில் செவுள் மூடியைத் தூக்கிப் பாருங்கள். நல்ல செவுள் செக்கச்செவேலென்று, இதழ் இதழாகப் பிரிந்திருக்கும். நுனிகள் மஞ்சளாகவோ சாம்பல் நிறமாகவோ சேறு அப்பியதுபோல் கரைந்து போயிருந்தால், அது கொலம்னாரிஸ். அதே நோய் முதுகுத் துடுப்பின் அடியில் சேணம் போட்டாற்போல வெண்திட்டாகவும் தெரியும். செவுளைத் தாக்கினால் ஓரிரு நாளிலேயே மீன் சாகும். துடுப்புகளின் அடியிலும் வயிற்றிலும் ஆசனவாயைச் சுற்றியும் இரத்தச் சிவப்பு, செதில்கள் சிலிர்த்து நிற்றல், வயிறு நீர் கோத்து உப்புதல், கண் பிதுங்குதல் ஆகியவை சேர்ந்திருந்தால் ஏரோமோனாஸைச் சந்தேகிக்க வேண்டும். திலேப்பியா கண் வெளுத்துப் பிதுங்கி, உடல் வளைந்து, ஒரே இடத்தில் சுழன்று சுழன்று நீந்துமானால், அதுவும் சித்திரை வைகாசி வெயிலில் நடக்குமானால், ஸ்ட்ரெப்டோகாக்கஸ் பாக்டீரியா மூளையைத் தொட்டிருக்க வாய்ப்புண்டு.

பிறகு வயிற்றைத் திறங்கள். ஆசனவாயிலிருந்து செவுள் வரை, கத்தி முனை குடலில் இறங்காதபடி மேலோட்டமாகக் கீறுங்கள். கீறியதும் மஞ்சள் கலந்த செந்நீர் வழிவது, குடல் சிவந்து உள்ளே தீவனமில்லாமல் சளி மட்டும் இருப்பது, கல்லீரல் வெளுத்திருப்பது, மண்ணீரல் கறுத்து வீங்கியிருப்பது ஆகிய யாவும் கிருமி இரத்தத்தில் பரவியதற்கான சான்றுகள். பங்காசியஸ் மீனில் வெளியே எதுவும் தெரியாமல், சிறுநீரகத்திலும் மண்ணீரலிலும் கல்லீரலிலும் வெண்புள்ளிகள் சிதறிக் கிடந்தால் அது எட்வர்ட்சியெல்லா இக்டலூரி என்னும் கிருமியின் வேலை. கெளுத்தி வகைகளில் தசைக்குள் கட்டி இருந்து, கீறினால் காற்றும் கெட்ட நாற்றமும் வெளிவந்தால் எட்வர்ட்சியெல்லா டார்டா.

கார்த்திகை முதல் மாசி வரை, மழை ஓய்ந்து நீர் குளிரும் நாள்களில் விராலிலும் கெண்டையிலும் தோன்றித் தசை வரை குடைந்து செல்லும் சிவப்புப் புண் நோயைத் தனியே சொல்ல வேண்டும். 1988-இல் இந்தியாவுக்குள் வந்த இந்நோய்க்கு மூலம் அஃபனோமைசிஸ் இன்வடன்ஸ் என்னும் பூஞ்சை போன்ற நுண்ணுயிர். பாக்டீரியா பின்னால் வந்து சேர்ந்துகொள்வது மட்டுமே. ஆன்டிபயாடிக் இதன் வேரைத் தொடாது. புவனேசுவரத்தில் உள்ள மத்திய நன்னீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனம் இதற்கென உருவாக்கிய சிஃபாக்ஸ் மருந்தை, ஒரு மீட்டர் ஆழமுள்ள ஒரு எக்டேர் குளத்துக்கு ஒரு லிட்டர் என்ற கணக்கில் நீரில் கலந்து தெளிப்பது வழக்கம். உடலில் மீன் பேன் ஒட்டியிருந்தாலும் முதலில் பேனைத்தான் ஒழிக்க வேண்டும். திலேப்பியாவில் வைரஸ் நோயும் உண்டு; அதற்கும் ஆன்டிபயாடிக் பயன்படாது. கண்ணால் பார்த்ததை மட்டும் வைத்து மருந்து வாங்கக் கூடாது என்பதற்கு இவை போதிய காரணங்கள்.

ஆய்வகத்துக்கு அனுப்புதல்

நோய்கண்ட மீன்களில் சாகும் தறுவாயில் உள்ள மூன்று முதல் ஐந்து மீன்களை, ஆக்சிஜன் நிரப்பிய பாலித்தீன் பையில் குளத்து நீரோடு கட்டுங்கள். நலமாகத் தெரியும் மீன் ஒன்றையும் தனிப் பையில் வையுங்கள். உயிரோடு கொண்டுபோக இயலாதெனில், மீனைப் பையிலிட்டுக் கட்டி, அந்தப் பையைப் பனிக்கட்டிக்கு நடுவில் வையுங்கள். மீனை உறையவிடக் கூடாது; உறைந்தால் கிருமி வளர்ப்புச் சோதனை கெட்டுவிடும். ஒரு பாட்டில் குளத்து நீரையும் தனியாக எடுங்கள். தூத்துக்குடி மீன்வளக் கல்லூரி கிழக்குக் கடற்கரைச் சாலை வழியே சில மணி நேரப் பயணத்தில் இருக்கிறது. விடியலில் மீன் பிடித்தால் முற்பகலில் சேர்த்துவிடலாம். புறப்படுமுன் மீன்வளத் துறையின் உதவி இயக்குநர் அலுவலகத்தில் பேசிவிடுங்கள். 2023-இல் மத்திய அரசு வெளியிட்ட ‘ரிப்போர்ட் ஃபிஷ் டிசீஸ்’ என்ற கைப்பேசிச் செயலியிலும் படத்தோடு தகவல் தெரிவிக்கலாம்.

ஆய்வகத்தில் சிறுநீரகத்திலிருந்து கிருமியை எடுத்து வளர்த்து, அது எந்த மருந்துக்குக் கட்டுப்படுகிறது என்று சோதிப்பார்கள். மருந்து தோய்த்த சிறு வட்டத் தாள்களைக் கிருமி வளரும் தட்டின் மீது வைத்தால், கட்டுப்படுத்தும் மருந்தைச் சுற்றி வெற்றிடம் தோன்றும். கட்டுப்படுத்தாத மருந்தின் விளிம்பு வரை கிருமி வளர்ந்து நிற்கும். இந்தச் சோதனை முடியச் சில நாள்கள் ஆகும். அதுவரை நீரைச் சரிசெய்யும் வேலை தொடரட்டும். பல நேரங்களில் முடிவு வருவதற்குள் சாவு இறங்குமுகமாகிவிடும். அப்போது மருந்தே வேண்டாம்.

உப்பும் பர்மாங்கனேட்டும்

உடலின் மேற்புறத்திலும் செவுளிலும் மட்டும் நோய் இருக்கும் நிலையில், இவ்விரண்டும் ஆன்டிபயாடிக்கைவிடப் பயன் தரும். தொட்டியில் பிடித்து வைக்கக்கூடிய மீன்களுக்கு, லிட்டருக்கு 20 முதல் 30 கிராம் கல்லுப்பு கரைத்த நீரில் ஓரிரு நிமிடம் முக்கி எடுங்கள். மீன் சாயத் தொடங்கினால் அந்தக் கணமே வெளியே எடுத்துவிட வேண்டும்.

பொட்டாசியம் பர்மாங்கனேட்டைக் குளம் முழுவதற்கும் போடும்போது லிட்டருக்கு 2 மில்லிகிராம் என்பது தொடக்க அளவு. 25 சென்ட் பரப்பும் சராசரி 4 அடி ஆழமும் உள்ள குட்டையில் ஏறக்குறைய 1,200 கன மீட்டர் நீர் நிற்கும்; ஆக 2.4 கிலோ தேவை. தனி வாளியில் முழுதாகக் கரைத்து, காற்றூட்டி ஓடும்போது, காலை வேளையில் பரவலாகத் தெளியுங்கள். இளஞ்சிவப்பு நிறம் எட்டுப் பத்து மணி நேரமாவது நிற்க வேண்டும். ஒரு மணி நேரத்தில் பழுப்பாகிவிட்டால், குளத்துக் கழிவே மருந்தைத் தின்றுவிட்டது, கிருமிக்கு எதுவும் மிஞ்சவில்லை என்று பொருள். அதற்காக மேலும் மேலும் கொட்டக் கூடாது, செவுள் கருகிவிடும். முதலில் அடிக்கழிவைக் குறைக்க வழி பாருங்கள்.

ஆன்டிபயாடிக் கொடுப்பதாயின்

கிருமி இரத்தத்தில் பரவியிருக்கிறது, நீரைச் சரிசெய்தும் சாவு ஏறுகிறது, மீன் இன்னும் ஓரளவு தீவனம் எடுக்கிறது: இம்மூன்றும் ஒருங்கே இருந்தால்தான் ஆன்டிபயாடிக் கொடுப்பதில் பொருளுண்டு. தீவனமே எடுக்காத மீனுக்குத் தீவனத்தில் மருந்து வைப்பதால் ஒரு பயனும் இல்லை. பதிவுபெற்ற கால்நடை மருத்துவரின் சீட்டு இல்லாமல் மருந்து வாங்கவும் கூடாது. விற்பனைக்கு உரிய எடையை மீன்கள் நெருங்கியிருந்தால், மருந்து தொடங்குமுன் நலமாக உள்ளவற்றைப் பிடித்து விற்றுவிடலாமா என்பதையும் எண்ணிப் பாருங்கள். பல குட்டைகளுக்கு இதுவே நட்டம் குறைந்த வழி என்பது என் முடிவு. புண்ணும் சிவப்பும் உள்ள மீனை மட்டும் ஒருபோதும் சந்தைக்கு அனுப்பக் கூடாது.

மருந்துத் தூளைக் குளத்து நீரில் கொட்டும் பழக்கம் பல இடங்களில் இருக்கிறது. இதனால் ஏன் பயனில்லை என்பதைக் கடலோரத்து விவசாயி மற்ற எவரையும்விட நன்றாகத் தெரிந்துகொள்ள வேண்டும். ஆக்சிடெட்ராசைக்ளின் என்னும் மருந்தை நீரில் உள்ள கால்சியமும் மக்னீசியமும் பிடித்துப் பிணைத்துக்கொள்கின்றன. பிணைந்த மருந்து மீனின் உடலுக்குள் புகாது. டெட்ராசைக்ளின் மாத்திரையைப் பாலோடு விழுங்கக் கூடாது என்று மருத்துவர் நமக்குச் சொல்வதும் இதே காரணத்தால்தான். நம்முடைய நீர் கடினமானது, உவர்ந்தது. கால்சியமும் மக்னீசியமும் அதில் மிகுதி. போதாக்குறைக்கு வெயிலும் அம்மருந்தைச் சிதைக்கிறது. மேலே சொன்ன 25 சென்ட் குட்டையில் லிட்டருக்கு 20 மில்லிகிராம் என்று வைத்தாலே 24 கிலோ மருந்து தேவைப்படும். அவ்வளவும் வீணாகி, சேற்றில் படிந்து, அங்குள்ள கிருமிகளுக்கு மருந்தை எதிர்த்து வாழும் பயிற்சியைக் கொடுத்துவிடும்.

தீவனத்தின் வழியே கொடுப்பதற்குக் கணக்கு முதன்மையானது. முப்பது நாற்பது மீன்களை வீச்சுவலையால் பிடித்து எடை போட்டுச் சராசரி காணுங்கள். குட்டையில் உயிரோடு இருப்பவை 800, சராசரி எடை அரைக் கிலோ எனில், மொத்த எடை 400 கிலோ. அமெரிக்காவில் அனுமதிக்கப்பட்ட ஆக்சிடெட்ராசைக்ளின் அளவு, மீன் எடை ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 55 முதல் 83 மில்லிகிராம் வரை, தொடர்ந்து 10 நாள். மருத்துவர் 75 மில்லிகிராம் என்று எழுதினால், 400 கிலோவுக்கு நாளொன்றுக்கு 30 கிராம் மூலமருந்து. கடையில் கிடைக்கும் தூளில் 20 விழுக்காடுதான் மூலமருந்து எனில், தூள் 150 கிராம் ஆகும். பொட்டலத்தில் எழுதியிருக்கும் விழுக்காட்டைப் படிக்காமல் தூளையே மருந்தாக எண்ணி நிறுப்பதால், ஐந்தில் ஒரு பங்கு மருந்தே மீனுக்குப் போய்ச் சேரும் நிலை ஏற்படுகிறது.

அடுத்தது, மீன் உண்மையில் எவ்வளவு தின்கிறது என்பது. நலமான காலத்தில் உடல் எடையில் 2 விழுக்காடு, அதாவது 8 கிலோ தின்ற மீன்கள், நோயில் 4 கிலோதான் எடுக்கும். அப்படியானால் நாளுக்குரிய 30 கிராமையும் அந்த 4 கிலோவிலேயே ஏற்ற வேண்டும், கிலோவுக்கு 7.5 கிராம். எட்டுக் கிலோவில் கலந்து பாதியை மிச்சம் விட்டால், மீனுக்குப் பாதி அளவே கிடைக்கும். கிருமி சாகாமல் பழகிக்கொள்ளும் அளவு அதுவே.

கலக்கும் முறை: பாலித்தீன் விரிப்பில் தீவனத்தைப் பரப்பி, தூளை முதலில் ஒரு பிடி தவிட்டோடு சேர்த்துச் சீராக்கித் தூவிப் புரட்டுங்கள். பிறகு கிலோவுக்கு 20 முதல் 30 மில்லிலிட்டர் சமையல் எண்ணெயைத் தெளித்து, ஒவ்வொரு உருண்டையின் மேலும் மெல்லிய படலம் ஏறும்வரை மீண்டும் புரட்டி, நிழலில் அரை மணி நேரம் உலர விடுங்கள். வெயிலில் காயவைக்காதீர்கள். தாது உப்புக் கலவையை இந்தத் தீவனத்தில் சேர்க்கவே கூடாது. அதில் உள்ள கால்சியம் மருந்தை முன்பே பிணைத்துவிடும். அன்றன்றைக்கு வேண்டியதை அன்றன்று கலந்து, காலையில் பசியோடு இருக்கும்போது முதல் தீவனமாக இதையே போடுங்கள்.

மூன்றாம் நாளே சாவு நின்றுவிட்டாலும் எழுதிக் கொடுத்த நாள்கள் முழுவதும் கொடுங்கள். நடுவில் நிறுத்தினால் பிழைத்து நிற்பவை மருந்துக்குக் கூடுதலாகத் தாக்குப்பிடித்த கிருமிகளே. ஐந்து நாள் கொடுத்தும் சாவு சற்றும் குறையவில்லை எனில், தானாக அளவைக் கூட்டாமல், வேறொரு மருந்தையும் சேர்க்காமல், சோதனை முடிவோடு மருத்துவரிடம் திரும்பிச் செல்லுங்கள். ஃப்ளோர்ஃபெனிகால் என்னும் மருந்துக்கு அளவு மிகக் குறைவு: கிலோவுக்கு நாளொன்றுக்கு 10 முதல் 15 மில்லிகிராம், 10 நாள். கால்நடைக்கு மிஞ்சிய ஆம்பிசிலின், அமாக்சிசிலின் பொடியை மீனுக்குப் போடுவோர் அறிய வேண்டியது, ஏரோமோனாஸ் கிருமி அவற்றை இயல்பாகவே எதிர்க்கக்கூடியது என்பதாகும்.

எக்காரணத்தாலும் தொடக்கூடாதவையும் உண்டு. குளோராம்ஃபெனிகால், நைட்ரோஃபியூரான் வகைகள், மாலகைட் கிரீன் ஆகியவை உணவுக்கான மீனில் தடைசெய்யப்பட்டவை. மனித மருத்துவத்தில் வேறு எதற்கும் அடங்காத கிருமிக்குக் கடைசி ஆயுதமாக வைத்திருக்கும் கொலிஸ்டினை, 2019-இல் மத்திய அரசு கால்நடை, கோழி, மீன் வளர்ப்பு அனைத்திலும் தடைசெய்தது. சிப்ரோஃப்ளாக்சசின், என்ரோஃப்ளாக்சசின் முதலியவை ஏற்றுமதிக்கான மீன், இறால் வளர்ப்பில் தடைப் பட்டியலில் உள்ளன. பெயரும் மூலப்பொருளும் எழுதாத ‘நோய் தீர்க்கும் டானிக்’ பாட்டில்களை யார் கொண்டுவந்து கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

பிடிப்பதற்குமுன் காத்திருக்க வேண்டிய நாள்

மருந்து உடலிலிருந்து நீங்கும்வரை மீனை விற்கக் கூடாது. அந்தக் காலம் மருந்துப் பொட்டலத்திலேயே எழுதியிருக்க வேண்டும். மீனுக்கென்று தனியே உறுதி செய்யப்படாத மருந்தாயின், இந்திய மருந்து விதிகளின்படி அது குறைந்தது 500 பாகை நாள். நீரின் சராசரி வெப்பநிலையால் 500-ஐ வகுத்தால் நாள் கணக்கு கிடைக்கும். குளத்து நீர் 30 பாகை எனில் 17 நாள். மார்கழியில் 25 பாகைக்கு இறங்கினால் 20 நாள். கடைசி வேளை மருந்து கொடுத்ததற்கு மறுநாளிலிருந்து எண்ண வேண்டும். பொட்டலத்திலோ மருத்துவர் சீட்டிலோ இதைவிடக் கூடுதலாகச் சொல்லியிருந்தால் அதுவே செல்லும். மீன் தசையில் ஆக்சிடெட்ராசைக்ளின் எச்சத்துக்கு நாட்டில் உள்ள உச்சவரம்பு கிலோவுக்கு 0.1 மில்லிகிராம். திருவிழாவுக்கு விலை ஏறும் நாள் குறுக்கிடும்போது இந்தக் காத்திருப்பு கடினமாகத் தோன்றும். அந்த மீனைக் குழந்தைக்கு ஆக்கிப் போடுபவர்கள் நம் ஊர்க்காரர்கள்தான்.

மருந்து கொடுத்த நாள்களிலும் காத்திருக்கும் நாள்களிலும் குட்டை நீரை வெளியே திறந்துவிடாதீர்கள். நம் பகுதியில் வடிகால் எங்கே போய்ச் சேருகிறது என்று பார்த்தால், பெரும்பாலும் ஆடு மாடு நீர் குடிக்கும் பள்ளம், ஊருணி, அல்லது அடுத்தவர் கண்மாய். மீன்பாசி, அதாவது மீன் பிடிக்கும் உரிமை, குத்தகைக்கு எடுத்த கண்மாயில் ஆன்டிபயாடிக் போடும் எண்ணமே கூடாது. பல ஊர் மக்கள் புழங்கும் திறந்த நீரில் அளவும் நிற்காது, பொறுப்பும் நிற்காது. அங்கே செய்யக்கூடியது, மீனைப் பிடித்து நெருக்கத்தைக் குறைப்பதும் செத்ததை அகற்றுவதுமே.

அடுத்த வளர்ப்புக்கு முன்

மற்ற மாவட்டத்தாருக்கு எளிதில் வாய்க்காத ஒரு வசதி நமக்கு உண்டு. அது கோடை வெயில். குட்டையை முழுதும் வற்றவைத்து, அடிமண் பாளம் பாளமாக வெடிக்கும்வரை காயவிடுங்கள். கறுத்து நாறும் மேல் சேற்றை வழித்துக் கரைக்கு வெளியே அப்புறப்படுத்துங்கள். சேற்றில் தங்கிய கிருமியையும் பேன் முட்டையையும் ஒழிக்க இதைவிட மலிவான வழி இல்லை. மண்ணின் பி.எச். பார்த்து, தேவை இருந்தால் மட்டும் சுண்ணாம்பு இடுங்கள். கோழிப்பண்ணை எருவை உரமாகப் போடுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். கோழிக்குக் கொடுத்த மருந்தின் எச்சமும் அம்மருந்தை எதிர்க்கும் கிருமியும் அதோடு வந்து சேரும்.

குஞ்சுகளைப் பதிவுபெற்ற பண்ணையில் வாங்கி, பையைக் குளத்து நீரில் மிதக்கவிட்டு வெப்பநிலையும் உப்பும் ஒத்துவரச் செய்தபின் விடுங்கள். குஞ்சு விட்ட நாள், எண்ணிக்கை, தீவனம், பி.எச்., சாவு ஆகியவற்றோடு, மருந்து கொடுத்திருந்தால் அதன் பெயர், தொகுதி எண், அளவு, தொடங்கிய நாள், முடித்த நாள், பிடிப்புக்குத் தகுதியான நாள் ஆகியவற்றையும் ஒரே குறிப்பேட்டில் எழுதி வையுங்கள். மருத்துவர் சீட்டையும் ஆய்வக முடிவையும் அதே ஏட்டில் ஒட்டிவிடுங்கள். அடுத்த முறை நோய் வரும்போது, எந்த மருந்து இந்தக் குளத்துக் கிருமிக்கு ஏற்கெனவே பழகியது என்பதை மருத்துவர் அதிலிருந்தே அறிந்துகொள்வார்.